அப்பாவின் தடத்தைச் சரிசெய்தோம்

2024 ஜூன் 28 அன்று விடியுமுன் தில்லியில் கொட்டிய மழை பலருக்கும் நினைவிருக்கும். சப்தர்ஜங் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் 228.1 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் 1936-க்குப் பிறகு அப்படி ஒரு மழை பெய்ததில்லை. முனிர்காவில் எங்கள் படிக்கட்டடியில் நின்ற தண்ணீரை இறைத்து, நனைந்த மெத்தையைக் காயவைத்து நிமிர இரண்டு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு தெற்குத் தில்லிக் காடான சஞ்சய் வனத்துக்குப் போனேன். அங்கே மேட்டின் உச்சியில், நாங்கள் விமானப் பாறை என்று சொல்லும் பாறைக்கு ஏறும் தடத்தின் அடியிலேயே அப்பா நின்றுவிட்டார். ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை பிளந்து கிடந்தது. அப்பா கைத்தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். "சரிம்மா, திரும்பலாம்" என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

அப்போது அவருக்கு 78 வயது. 50 வருஷத்துக்கு மேலாக அந்தப் பாறைக்கு ஏறி இறங்கியவர். அந்தத் தடத்தை அடுத்த ஒன்றேகால் வருஷத்தில் எப்படிச் சரிசெய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். மழையில் அரித்துப் போகும் பாதை எல்லா ஊரிலும் இருக்கிறது, யாருக்காவது உதவும்.

அப்பாவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். 1971-இல் மத்திய அரசு எழுத்தர் வேலைக்காகத் தில்லி வந்தார். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் நான்கு பேரோடு ஓர் அறை. 1973-இல் அங்கே மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆன பிறகு, ஞாயிறு காலையில் சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நடந்தே மெஹ்ரௌலிப் பக்கத்துக் காட்டுக்குள் போய்ச் சுற்றுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சஞ்சய் வனம் என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் வெறுமனே ஜங்கல் என்பார்கள். "உள்ள நுழைஞ்சதும் ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சும்மா" என்று இன்றைக்கும் சொல்வார். காரணம், காடு முழுக்க நிற்கிற விலாயதி கீக்கர். நம் ஊர்ச் சீமைக்கருவேலம்தான் அது. அப்பா வாயில் வேலிக்கருவை. புது தில்லியைக் கட்டிய காலத்தில், பாறையும் முள்ளுமாகக் கிடந்த ரிட்ஜ் மேட்டைப் பச்சையாக்க ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து வளர்த்த மரம். அதற்கு முன்பு இங்கே இருந்த தௌ, புரசு, வெள்வேலம் போன்ற உள்ளூர் மரங்களெல்லாம் அதன் நெருக்கத்தில் ஒடுங்கிப்போயின. அப்பாவுக்கு அந்த மரத்தின் மேல் கோபம் வருவதில்லை. ஊரில் தாத்தா அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இரண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தார். அதே நேரம், அது ஒரு கண்மாயை எப்படி மேடாக்கிவிடும் என்பதையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்தக் காட்டின் முக்கால்வாசி இடங்களுக்கு எங்கள் வீட்டில் தமிழ்ப் பெயர் உண்டு. தூக்குவாளி முக்கு என்றால், 1983-இல் அம்மா கையிலிருந்து புளியோதரைத் தூக்குவாளி நழுவி உருண்டு போன வளைவு. அம்மா இலந்தை என்றால், தரையோடு படர்ந்த ஒரு முள் இலந்தைப் புதர். இங்கே ஜர்பேரி என்பார்கள். குளிர்காலத்தில் அதன் பழங்களைப் புடவைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு வந்து, கொட்டையோடு இடித்து, மிளகாயும் புளியும் வெல்லமும் உப்பும் சேர்த்துத் தட்டி, மொட்டை மாடியில் காயவைத்து இலந்தை வடை செய்வார் அம்மா. தில்லியில் பிறந்த எனக்கு இலந்தை வடையின் ருசி அந்தக் காட்டின் ருசிதான். விமானப் பாறை என்பது மேட்டின் உச்சியில், யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை. அதில் உட்கார்ந்தால் தென்கிழக்கே மரங்களுக்கு மேல் குதுப் மினாரின் முனை தெரியும். தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து போகும். நானும் தம்பியும் எண்ணுவோம். பத்து எண்ணிவிட்டால் திரும்பும்போது ஐஸ் உண்டு. அப்பா பாறையின் மேற்குப் பக்கத்துக் குழிவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தினமணி படிப்பார். அவர் முதுகுக்கென்றே செய்த மாதிரி ஒரு குழிவு.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் அனுமதி. இது யாரும் மண்வெட்டியோடு நுழைந்து வேலை செய்கிற இடமில்லை, பாதுகாக்கப்பட்ட வனம். உள்ளேயே லால் கோட் மதில் இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டில் தோமர் அரசன் அனங்கபாலன் கட்டிய கோட்டை. வனத்தைப் பராமரிக்கிற அலுவலகத்துக்கு, படங்களோடு இரண்டு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில், ஞாயிறு காலைகளில் அவர்களுடைய மாலி, அதாவது தோட்டக்காரர், ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் செய்யலாம் என்றார்கள். சிமென்ட் கூடாது, உயிரோடு நிற்கிற மரத்தை வெட்டக் கூடாது, மதில் பக்கத்துக் கல்லைத் தொடவே கூடாது. மூன்றும் நியாயமானவை. மதிலிலிருந்து சரிந்த கல்லில் சில சமயம் காரை ஒட்டியிருக்கும், சில சமயம் ஒன்றும் இருக்காது. வெறும் பாறைத்துண்டு மாதிரியே கிடக்கும். ஆயிரம் வருஷத்துக் கோட்டையை எடுத்து ஒற்றையடிப் பாதைக்குப் போட்டுவிடக் கூடாது. அதனால் ஓடைக்குள்ளேயே தண்ணீர் உருட்டி விட்ட கல் மட்டும்தான் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் ஆரம்பித்தோம். நான், ஒன்பதாவது படிக்கிற என் மகன், எதிர் வீட்டுத் தம்பதி, மாலி பையா. அவர் புந்தேல்கண்ட்காரர். நான் கடப்பாரை என்பதை அவர் சப்பல் என்பார், நான் இரும்புச் சட்டி என்பதை அவர் தஸ்லா என்பார். இரண்டு ஞாயிற்றுக்குள் என் மகன் இரண்டையும் கலந்து பேசத் தொடங்கிவிட்டான். ஓடைக்குக் குறுக்கே மூன்று கல் தடுப்பு கட்டினோம். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம். ரசமட்டம் வைத்து, மேல்விளிம்பு ஒரே நேராக இருக்கும்படி அடுக்கினோம். படம் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 27, 28-இல் எதிர்பாராத குளிர்கால மழை. 24 மணி நேரத்தில் 41.2 மில்லிமீட்டர், டிசம்பர் மாதத்து ஒரு நாள் மழையில் 101 வருஷத்தில் இதுதான் அதிகம் என்றார்கள். ஞாயிறு காலை ஓடிப்போய்ப் பார்த்தோம். நாங்கள் அடுக்கிய ஒரு கல் கூட நகரவில்லை. ஆனால் தண்ணீர் இரண்டு ஓரத்திலும் மண்ணைக் கரைத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போயிருந்தது. முன்பு 70 சென்டிமீட்டர் அகலமாக இருந்த ஓடை இப்போது 1 மீட்டர் 10. தடுப்புக்கு அந்தப் பக்கம் விழுந்த தண்ணீர், அருவி மாதிரி அடிமண்ணைத் தோண்டிக் குழி பறித்திருந்தது. நாங்கள் கை வைத்ததால் அந்த இடம் முன்னைவிட மோசமாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வருத்தம் தாங்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மூடுபனி விலகிய பிறகு, அப்பாவை அழைத்துப் போனேன். வாசலிலிருந்து மேட்டின் அடிவரை சமதரைதான், அதுவரை நடப்பார். மடக்கு நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி ஓடைக்கு நேர் கீழே உட்கார வைத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "கலுங்கு எங்கம்மா?"

எனக்குப் புரியவில்லை. மகனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கைத்தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கண்மாய்க் கரை ஒரே உயரமாக இருக்காது. நிறைந்தால் தண்ணீர் வழிவதற்கென்று ஓரிடத்தைத் தாழ்த்தி, கீழே கல் பாவி வைத்திருப்பார்கள். அதுதான் கலுங்கு. "அது இல்லாமக் கரை போட்டா, தண்ணி தானா ஒரு எடம் பாத்துக்கும்டா. அது பாக்குற எடம் எப்பவும் கரையும் மண்ணும் சேர்ற எடந்தான். நீங்க நடுவையும் ஓரத்தையும் ஒரே மட்டமா வச்சிருக்கீங்க. நடுவைத் தாழ்த்துங்க. ரெண்டு பக்கமும் மண்ணுக்குள்ள ஒரு முழம் கல்லைச் சொருகுங்க. விழுற எடத்துல கல் பரப்புங்க." 35 வருஷம் கோப்பு எழுதிய மனிதர். கண்மாய் வேலை அவர் 16 வயது வரை பார்த்ததுதான். ஒரு சொல் கூட மறக்கவில்லை.

அதன் பிறகுதான் அளக்கவே ஆரம்பித்தோம். பக்கத்துத் தெருவில் தரை போட்டுக்கொண்டிருந்த மிஸ்திரியிடம் டியூப் லெவல் இரவல் வாங்கினேன். கண்ணாடி மாதிரியான பத்து மீட்டர் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையையும் அளவு கீறிய இரண்டு கம்பில் கட்டி, ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்றால் இரண்டு தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் சரிவு. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். முதல் நாள் அளவு முழுவதையும் அதனால் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை விட்டதும் குமிழி நன்றாகத் தெரிந்தது. அரித்துப்போன பகுதி 28 மீட்டர் நீளம், அதற்குள் 3 மீட்டர் 10 சென்டிமீட்டர் இறக்கம். அதாவது 100 மீட்டருக்கு 11 மீட்டர். மேட்டின் சரிவே 14 தான். இங்கேதான் அடிப்படைத் தப்பு தெரிந்தது. தடம் போடுகிறவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: தடத்தின் சரிவு, அது போகும் மேட்டின் சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் தண்ணீர் பக்கவாட்டில் இறங்காமல் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். எங்கள் தடம் மேட்டின் முதுகில் நேராக ஏறுகிறது. 50 வருஷம் நாங்களும் எங்களைப் போன்றவர்களும் மிதித்து மிதித்து மண்ணை இறுக்கி, சில சென்டிமீட்டர் தாழ்த்தியிருக்கிறோம். பின்னால் மோட்டார் பைக்கில் ஏறி விளையாடியவர்கள் அதை ஆழமாக்கினார்கள். மண்ணும் அதிகம் கிடையாது. ஒரு சாண் கீழே ஆரவல்லிப் பாறை. 228 மில்லிமீட்டர் வந்ததும் கதை முடிந்தது.

எனவே பழைய தடத்தைத் தூர்ப்பது ஒரு வேலை, ஆட்கள் நடக்க வேறு தடம் போடுவது இன்னொரு வேலை என்று பிரித்தோம்.

வேறு தடத்தைக் கண்டுபிடித்தது என் மகன். மேட்டின் குறுக்கே, சாய்வாக, நீலான் மாடுகள் (நீல்காய் என்கிற பெரிய மான் வகை) நடக்கும் ஒரு வழி இருந்தது. அத்தனை மழையிலும் அது அரிக்கவில்லை. நீலான் நேராக ஏறாது, சுற்றித்தான் ஏறும். அளந்து பார்த்தால் 54 மீட்டரில் அதே 3.10 மீட்டர் ஏற்றம். 100-க்கு 6-ஐத் தொடவில்லை. அப்பாவின் முழங்காலுக்கும் ஏற்ற சரிவு. ஆனால் அந்த வழியில் ஓரிடத்தில் நீலான்கள் ஒரே குவியலாகச் சாணம் போடும் இடம் ஒன்று இருந்தது. அவை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். அதன் மேல் பாதை போட்டால் அவற்றை விரட்டியதாகிவிடும். அதனால் அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே விலகிப் போகும்படி வளைத்தோம். அந்தச் சாணக் குவியலைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருகருவென்று கொட்டைப் பாக்கு அளவில் சாணி உருண்டைகள், அவற்றின் நடுவே சின்னதாய், இரண்டிரண்டு இலைக் காம்பாய், இருபது முப்பது சீமைக்கருவேலங்கன்றுகள். நெற்று நீலானுக்குப் பிடிக்கும், விதை செரிக்காது. காடு முழுக்க இந்த மரம் இப்படியும்தான் பரவியது. ஓர் அடிக்குள் இருக்கும் கன்றை ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் கொத்துதான். தரைக்கு மேலே வெட்டினால் பயனில்லை. வேரும் தண்டும் சேரும் கழுத்திலிருந்து நான்கு கிளை புதிதாகக் கிளம்பும். அந்தக் கழுத்துக்குக் கீழே போய் அறுக்க வேண்டும். உன்னிச்செடிக்கும் இதே மாதிரி ஒரு முறையைத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு எழுதியிருக்கிறது: மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. செய்து பார்த்தேன், மறுபடி முளைக்கவில்லை.

புதுத் தடத்துக்கு அகலம் இரண்டடி போதும் என்று வைத்துக்கொண்டோம். மேட்டுப் பக்கம் வெட்டி, பள்ளத்துப் பக்கம் மூன்று சென்டிமீட்டர் தாழ்வாக விட்டோம்; மழைத்தண்ணீர் தடத்தில் ஓடாமல் குறுக்கே கடந்து இறங்கிவிடும். வெட்டிய மண்ணை ஓரத்தில் குவிக்கவில்லை. குவித்தால் அது வரப்பாகி, தண்ணீரைத் தடத்துக்குள்ளேயே கட்டிவிடும். தஸ்லா தஸ்லாவாகச் சுமந்து கீழே புல்லுக்குள் இறைத்தோம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஐந்து ஞாயிறு. படி வைக்கலாமா என்று எதிர் வீட்டு அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். படி ஏறுவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம், சரிவு அல்ல.

பழைய ஓடையில் மேலிருந்து கீழாக வந்தோம். தலைமாட்டில், தண்ணீர் ஓடைக்குள் நுழையும் இடத்துக்கு முன்பே, சாய்வாக இரண்டு வரிசை கல் பதித்துப் பாதித் தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பினோம். அப்பா அதை மடை திருப்புவது என்றார். அதன் கீழே ஒன்பது தடுப்பு. எல்லாமே குட்டையானவை: நடுவில் 35 சென்டிமீட்டர், ஓரங்களில் 50. ஒன்றின் கலுங்கு மட்டமும் அதற்கு மேல் உள்ளதின் காலடி மட்டமும் ஒன்றாக வர வேண்டும். 3 மீட்டர் 10-ஐ 35 சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ ஒன்பது. டியூப் லெவல் இல்லாமல் இது நடந்தே இருக்காது.

ஒன்பதுக்கும் ஓடையில் கல் கிடைக்கவில்லை. நான்குக்குத்தான் வந்தது. மீதி ஐந்தை முள்விறகால் கட்டினோம். அலுவலகத்து ஆட்கள் ஏற்கெனவே கழித்துப் போட்ட கருவேலங்கிளைகள் வழியில் குவியலாகக் கிடந்தன. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாறை ஆழத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து, ஓடைக்குக் குறுக்கே ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசைக் குச்சி அடித்து, நடுவில் கிளைகளைப் படுக்கவைத்து மிதித்து இறுக்கி, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினோம். கம்பி வேண்டாம்; நரியோ நீலானோ காலை மாட்டிக்கொள்ளும். தண்ணீர் வரும் பக்கம் காய்ந்த புல்லும் சருகும் திணித்தோம். குச்சிகளைப் பட்டை உரித்து மூன்று வாரம் வெயிலில் போட்ட பிறகே அடிக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். "பச்சையா நட்டா துளுத்துக்கும்டா, அப்புறம் நீங்களே தோப்பு வச்ச கதையாயிரும்." கிளைகளில் இருந்த நெற்றையெல்லாம் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்கில் உருவிப் போட்டு வெளியே கொண்டுபோனோம்.

மார்ச் மாதம் ஒரு கருவேலமுள் என் காலணியின் அடிப்பாகத்தைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. அம்மா எருக்கம்பால் வைக்கலாம் என்றார். நான் டாக்டரிடம் போய்க் கீறி எடுத்துக்கொண்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். ஐந்து நாள் வீக்கம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கனமான தோல் கையுறையும், அடிப்பாகம் தடித்த பூட்ஸும் இல்லாமல் அந்தக் கிளைகளுக்குக் கிட்டே போகாதீர்கள். நான் இல்லாத அந்த இரண்டு ஞாயிறும் மகனும் மாலி பையாவும் ஆறாவது, ஏழாவது தடுப்பைக் கட்டி முடித்திருந்தார்கள். அந்த மாதம் தடத்தின் மேல்முனையில் நிற்கும் ஒற்றைப் புரசு இலை முழுக்க உதிர்த்து, செக்கச்செவேலென்று பூத்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் வேலை முடிந்தது. மே 2 விடிகாலை, ஆறு மணி நேரத்துக்குள் 77 மில்லிமீட்டர். ஞாயிறு போய்ப் பார்த்தபோது ஒன்பதில் எட்டு நின்றிருந்தது. நான்காவது தடுப்பில் மட்டும் ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது. வலப்பக்கம் மண்ணுக்குள் சொருகியது ஒரு சாண்தான், பாறை தட்டியதால் அப்படியே விட்டிருந்தோம். பாறையை ஒட்டிச் சின்னக் கற்களை நெருக்கி அடித்தோம். மே 25 அன்று மறுபடி 81 மில்லிமீட்டர். அந்த மே மாதம்தான் தில்லியில் பதிவானவற்றிலேயே அதிகம் மழை பெய்த மே. அன்று மாலையே போனோம். ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னாலும் வண்டல் நிரம்பி, படிப்படியாகச் சமதளம் ஆகியிருந்தது. கலுங்கின் நடுவில் மட்டும் தண்ணீர் போன ஈரத் தடம். மகன் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுத் தாத்தாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். "நாலாவதைக் காட்டு" என்று இரண்டு தடவை கேட்டார். பார்த்துவிட்டு, "நிக்கும்" என்றார்.

ஜூலையில் கன்று நட்டோம். முந்தைய வருஷம், மழைக்கு முன்பே, அப்பா அந்தப் புரசின் அடியில் பொறுக்கி வைத்திருந்த விதைகளை பால்கனியில் போட்டிருந்தோம். முப்பதில் பதினேழு முளைத்தது. அரை லிட்டர் பால் கவர் அதற்குப் போதாது. மூன்று மாதத்தில் வேர் அடியைத் தொட்டுச் சுருண்டுவிடுகிறது. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு மாற்றிய பிறகுதான் தேறியது. பதினொன்று நடும் அளவுக்கு வந்தது. தௌ விதையிலிருந்து வளர்ப்பது மிகக் கடினம், பெரும்பாலும் முளைக்காது. ஆறு கன்று நர்சரியில் வாங்கினோம். ஒவ்வொன்றையும் சுற்றி முள்வேலி; இல்லாவிட்டால் நீலான் ஒரே இரவில் மேய்ந்துவிடும். அக்டோபரில் எண்ணியபோது புரசு ஒன்பது, தௌ நான்கு உயிரோடு இருந்தன.

ஆயுத பூஜைக்கு அம்மா கடப்பாரை, மண்வெட்டி, கொத்து, மிஸ்திரி எங்களுக்கே கொடுத்துவிட்ட டியூப் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்தார். அடுத்த ஞாயிறு, அக்டோபர் 5, அப்பாவை அழைத்துப் போனோம். தில்லியில் புகை கவிவதற்கு முன்பு கிடைக்கிற நல்ல நாட்கள் அவை. 54 மீட்டருக்கு 20 நிமிஷம் எடுத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே கூட வந்தது. பாதி வழியில் பழைய ஓடையின் ஓரம் நெருங்கும் இடத்தில், கைத்தடியை ஊன்றிக் குனிந்து ஐந்தாவது தடுப்பைப் பார்த்தார். பின்னால் நிரம்பிய வண்டலில் அறுகு படர்ந்திருந்தது. அதன் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வேலிக்கருவை. மகனைக் கூப்பிடவில்லை. தானே ஒரு காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்து, இரண்டு விரலால் அடியில் பிடித்து, அவசரமில்லாமல் இழுத்தார். வெள்ளை வேர் முழுசாக வந்தது. மண்ணைத் தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேலே போனதும் பாறையின் மேற்குப் பக்கம் சுற்றிப்போய், அந்தக் குழிவில் சாய்ந்து உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த பேப்பரைப் பிரிக்கவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து விமானங்களை எண்ண ஆரம்பித்தான். நான் தலைமாட்டுக் கல் வரிசையைப் பார்க்கப் போனேன். மழைக்காலம் முழுவதும் விழுந்த சருகு அடைத்துக்கொண்டு, தண்ணீர் வெளியேறும் வாய் பாதி மூடியிருந்தது. கையாலேயே வழித்து எடுத்தேன்.